பகலில் ஏற்றிய விளக்கு

இன்று மத்தியானம் ஜெலுத்தோங்கில் நல்ல மழை. கடல் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்து, வீட்டுக்குள் கூடையும் முறமும் தெரியாத இருட்டு. பக்கத்து அறையில் குடியிருக்கும் பெண், போன தை மாதம்தான் கல்யாணமாகி வந்தவள், ரவிக்கை தைக்க வெளிச்சம் போதவில்லை என்று மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி வாசலண்டை வைத்தாள். நான் அடுப்படியிலிருந்து வந்தேன். என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. குனிந்து ஊதி அணைத்துவிட்டேன்.

"ஏங்க்கா, என்னாச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. பகல்ல விளக்கு வேணாம்."

"இருட்டா இருக்கேக்கா."

"இருந்துட்டுப் போவுது."

அவள் பாவம், என்னைப் பெரிய சாஸ்திரக்காரி என்று நினைத்துக்கொண்டு தையலை மடித்து வைத்துவிட்டாள். அணைந்த திரியின் வாடை மட்டும் போகவில்லை. அந்த வாடையில் நீங்கள் வந்து நின்றீர்கள். நோய் வருவதற்கு முன்னிருந்த உடம்போடு, தோளில் அளவுகோலைச் சாய்த்துக்கொண்டு நின்றீர்கள். எனக்கு அடுப்பில் வைத்த சோறு குழைந்துபோனதுதான் மிச்சம்.

அதனால் எழுதுகிறேன். கன்னியாஸ்திரீமார் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம் படித்த என் கையெழுத்தைப் பார்த்து "கோழி கிளறின மாதிரி" என்பீர்கள். கிளறினபடியே இருக்கட்டும். இதைப் படித்துத் திருத்த இப்போது ஆள் இல்லை. நீங்கள் போய் ஒரு திவசமும் முடிந்துவிட்டது. எனக்குக் கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. சில நாள் ஊர் மேல், சில நாள் உங்கள் மேல், பல நாள் ஒரே ஒரு சொல்லின் மேல்.

உங்களுக்குச் சொற்களின் மேல் ஒரு பைத்தியம் இருந்தது. மற்ற ஆண்களுக்குச் சீட்டு, சாராயம், சேவல் சண்டை. உங்களுக்கு இது. அதுவே என் அதிர்ஷ்டம் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் சொல்வார்கள். அவர்களுக்கென்ன, சோறு ஆறிப்போவது என் தட்டில்தானே. கல்யாணமாகி நான் பினாங்குக்கு வந்து இறங்கின புதிதில், கடைத்தெருவில் நம் ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் குடித்தனம் வைத்த அந்த வாரமே ஆரம்பித்துவிட்டீர்கள். "சாவி இருக்குல்ல, அது நம்ம சொல்லு இல்ல, பறங்கிக்காரன் சொல்லு. ஜன்னலும் அவனோடதுதான். அலமாரியும் அவனோடது." யாரோ ஒரு சட்டைக்காரப் பாதிரியார் கடைக்குத் துணி எடுக்க வந்தவர் சொன்னாராம். நீங்கள் விரல் மடித்துச் சொல்லிக்கொண்டே போக, எனக்கு எரிச்சலாக வந்தது.

"அப்ப நம்ம வீட்டுல நம்மளோடதுன்னு என்னதான் இருக்கு?" என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீதான் புள்ள," என்றீர்கள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் சோறு ஆறினதைப் பற்றிப் பேசவில்லை.

கடைக்கு வருகிற எல்லோருக்கும் இந்தப் பாடம் நடக்கும். வெற்றிலைக்கடை அண்ணன், பூக்கார அக்கா, சாமான் இறக்குகிற ஆட்கள், தோட்டத்திலிருந்து வருகிற கங்காணிமார் யாரும் தப்பியதில்லை. துணியைக் கிழித்துக்கொண்டே சொல்வீர்கள். அவர்களும் "அப்படியாண்ணே, அடடே" என்று தலையை ஆட்டுவார்கள். உங்கள் முகம் அப்போது எப்படி இருக்கும் என்று மாடிப்படியில் நின்று பார்த்திருக்கிறேன். நல்ல வியாபாரம் நடந்த நாளில்கூட அந்த முகம் வந்ததில்லை.

அந்தச் சொல்லை உங்களுக்குக் கொண்டுவந்து கொடுத்தவர் சேட்டு. நம் கடைக்கு நாலு கடை தள்ளிக் கிராம்பும் ஏலமும் மொத்தமாக விற்ற குஜராத்திக் கிழவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பீங்கான் கோப்பையில் தேநீரை எடுத்துக்கொண்டு வந்து நம் கடைவாசல் ஐந்தடி நடைபாதையில் முக்காலி போட்டு உட்காருவார். தமிழும் மலாயும் அவர் ஊர்ப் பேச்சும் கலந்து, எல்லோரையும் சகோதரர் முறையில் 'பாய்' என்று கூப்பிட்டு அவர் பேசுவதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். ரப்பர்க் கித்தா விலை சரிய ஆரம்பித்த சமயம் அது. ஊரில் தினம் ஒரு கடை மூடினது. ஒவ்வொரு கடை மூடும்போதும் எல்லோர் வாயிலும் திவால், திவால் என்ற ஒரே பேச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அவரிடம் கேட்டீர்கள்.

"சேட்டு, இந்தத் திவால்ங்கிறது உங்க பக்கத்துச் சொல்லுதானே?"

"ஆமா பாய். திவாலா. எங்க பக்கம் தீவான்னா விளக்கு." கிழவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அந்தக் காலத்திலே வியாபாரி தோத்துப் போனா, ஓட மாட்டான். கடையில விரிச்ச பாயைத் திருப்பிப் போடுவான். வாசல்ல விளக்கு ஏத்தி வைப்பான். ராத்திரியிலே இல்லே. நல்ல பகல்லே. அப்போ தெருவுக்கெல்லாம் தெரியும், இந்த ஆளு சூடா ஹாபிஸ்."

"முடிஞ்சு போச்சுன்னு."

"முடிஞ்சு போச்சு. இனி என் கையிலே ஒண்ணும் இல்லே, வாங்க, இருக்கறத நீங்களே பார்த்து எடுத்துக்கோங்க. அதுதான் பாய் திவாலா. பகல்லே எரியிற விளக்கு."

நீங்கள் அன்று முழுக்க வேறு பேச்சுப் பேசவில்லை. அவர் சொன்னதுதான் சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர், அது அப்படியில்லை, அந்தக் கதை யாரோ கட்டிவிட்டது என்று உங்களிடம் வாதாடினார். நீங்கள் கேட்கவில்லை. "கதையா இருந்தாலும் எவ்வளவு நல்ல கதை பாருங்க சார்" என்று அவருக்கே ஒரு துண்டு மல் துணி கிழித்துக் கொடுத்து அனுப்பினீர்கள். அப்புறம் வழக்கம்போல ஊருக்கெல்லாம் அதே பாடம். வெற்றிலைக்கடை அண்ணன் எத்தனையோ தரம் கேட்டுத் தலையை ஆட்டினார். பூக்கார அக்காவும் ஆட்டினாள். "தோத்தவன் வெளிச்சத்துல உக்காரணும்" என்று நீங்கள் சொல்வீர்கள். நான் மேலே இருந்து, "விளக்கெண்ணெய் விலை தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்பேன். அப்போது அது நமக்குச் சிரிப்பாக இருந்தது.

நம் வியாபாரம் எல்லாம் தோட்டத்து ஜனங்களை நம்பினது. பட்டர்வொர்த்துக்குப் படகில் துணி மூட்டையோடு போய், அங்கிருந்து கித்தாத் தோட்டங்களுக்கு நடந்து, கூலிக்காரர் லயத்து வாசலில் விரித்துப் போட்டு விற்பீர்கள். சம்பளம் போட்டதும் கொடுப்பார்கள். கணக்கு எழுதக்கூட மாட்டீர்கள். முகமே போதும் என்பீர்கள். தோட்டங்கள் ஒவ்வொன்றாக மூட, அந்த முகங்கள் எல்லாம் மூட்டை முடிச்சோடு துறைமுகத்தில் வந்து நின்றன. கப்பல் கப்பலாகத் திருப்பி அனுப்பினார்கள். நீங்கள் பார்க்கப் போனீர்கள். கடனைக் கேட்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன். சாயங்காலம் திரும்பி வந்து, மடித்த புடவை ஒன்றை என் முன்னால் வைத்தீர்கள்.

"ஒரு கிழவி குடுத்துச்சு. 'முதலாளி, இதுக்கு நான் காசு குடுக்கல, அதான் கட்டவும் மனசு வரல'ன்னு சொல்லிச்சு."

"வாங்கிட்டு வந்துட்டீங்களா?"

"வேணாம்னேன். கையில திணிச்சிட்டுக் கப்பல் ஏறிடுச்சு."

அன்று ராச்சோறு உங்களுக்கு இறங்கவில்லை. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, அடுத்த முறை ஊர் வாயில் விழப்போகிற கடை நம்முடையது என்று.

தெருவில் மூடின கடைக்காரர்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் போனார்கள். காலையில் பார்த்தால் பலகை போட்டிருக்கும். ஆள் நாகப்பட்டணம் கப்பலில் இருப்பார். சரக்கு கொடுத்தவர்கள் வந்து பலகையைத் தட்டிவிட்டுத் திட்டிக்கொண்டு போவார்கள். பட்டர்வொர்த்தில் ரயில்வேயில் வேலை பார்த்த என் அண்ணன் நமக்கும் அதே வழியைச் சொல்லத்தான் ஒரு மத்தியானம் வந்தார்.

"மாப்ளே, நல்ல சரக்கா பார்த்து ஒரு நாலு மூட்டை கட்டுங்க. என் வீட்டுல கெடக்கட்டும். நீங்களும் தங்கச்சியும் ஊருக்குப் போயிடுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு வந்தா எல்லாரும் மறந்திருப்பாங்க லா."

"மானம் கப்பலேறிப் போச்சுன்னு சொல்லுவாங்களே மச்சான், அதுக்கு நாம டிக்கெட்டும் எடுக்கணுமா?" என்றீர்கள்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான்தான் உங்களை வழிக்குக் கொண்டுவருவேன் என்று நம்பி வந்திருக்கிறார். எனக்குக் கப்பல் ஆசை இல்லாமல் இல்லை. அம்மாவைப் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது. ஆனால் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு கப்பலேறுகிற ஒரு ஆளின் பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக எனக்கு மனசில்லை.

"அவங்க ஓடினாலும் நான் வரலண்ணே," என்றேன்.

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்களே, அந்தப் பார்வையில் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை நான் இன்னும் செலவு செய்யவில்லை.

மறுநாள் காலையில் மேலே வந்து சுவரோரமாக நின்றீர்கள். ஏதாவது வேண்டுமென்றால் அப்படித்தான் நிற்பீர்கள்.

"உன் விளக்கைத் தருவியா?"

என் குத்துவிளக்கு. அம்மா வீட்டுச் சீராக என்னோடு கப்பலில் வந்தது. என்ன செய்யப்போகிறீர்கள் என்று உடனே புரிந்தது. ஐயோ என்றிருந்தது. ஆனாலும் ஒன்று கேட்டேன், நினைவிருக்கிறதா?

"கீழ இருக்கிறவங்களுக்கு இது புரியுமா?"

"ஏன் புரியாது? எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன். தெருவுல தெரியாத ஆளு யாரு?"

புளி போட்டு விளக்கைத் தேய்த்தேன். அழுதுகொண்டே தேய்த்தேன் என்று இப்போது சொல்கிறேன், அப்போது நீங்கள் பார்க்கவில்லை. எண்ணெயும் திரியும் எடுத்துக் கொடுத்தேன். நீங்கள் கீழே போய்க் கடையில் விரித்திருந்த பாயைத் திருப்பிப் போட்டீர்கள். விளக்கை வாசலில் வைத்து எல்லா முகத்தையும் ஏற்றினீர்கள். நல்ல வெயில். ஜன்னலில் இருந்து பார்த்தால் சுடர் தெரியவில்லை, அதன் மேலே காற்று நடுங்குவதுதான் தெரிந்தது. வெள்ளைவேட்டி கட்டிக்கொண்டு பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தீர்கள். நான் உலையைப் பார்க்க உள்ளே போனேன். கீழே பார்க்கத் துணிச்சல் இல்லை.

கொஞ்ச நேரத்தில் தெருவில் பேச்சுச் சத்தம் கேட்டது. திட்டுகிறார்கள் என்று நினைத்தேன். காதைக் கொடுத்தால் திட்டவில்லை. யாரோ சிரித்தார்கள். தேங்காய் உடைபடும் சத்தம் கேட்டது. ஒரு குழந்தை சர்க்கரை கேட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அது என்ன என்று அன்று படியிறங்கும்போது கண்ணால் பார்த்தேன்.

பூக்கார அக்கா முதலில் வந்திருக்கிறாள். துலக்கின குத்துவிளக்கு, வெள்ளைவேட்டி, வாசலில் எண்ணெய் வாசம். நம் ஜனத்துக்கு அது வேறென்னவாகத் தெரியும்? ஏதோ பூசை, ஏதோ நல்ல காரியம். "விசேஷத்தச் சொல்லவே இல்லியேண்ணே" என்று கூடையிலிருந்த சம்பங்கி மாலையை எடுத்து உங்கள் கழுத்தில் போட்டுவிட்டாள். வெற்றிலைக்கடை அண்ணன் தட்டில் வெற்றிலையும் தேங்காயுமாக வந்து, ஊரே மூடுகிற காலத்தில் ஒருத்தராவது புதுக்கடை திறக்கிறாரே என்று வாயாரச் சொல்லிக்கொண்டிருந்தார். எதிர்ச்சாரி சீனன்கூட ஆரஞ்சுப்பழம் இரண்டு கொடுத்தனுப்பியிருந்தான். யாரோ நெற்றியில் சந்தனம் இட்டிருந்தார்கள்.

நீங்கள் மாலையோடு உட்கார்ந்திருந்தீர்கள். வாய் அசைந்தது. "திவால்... கடை திவால்ண்ணே," என்று நீங்கள் சொன்னது எனக்குப் படியில் கேட்டது. வெற்றிலைக்கடை அண்ணன் உங்கள் வாயைப் பொத்தாத குறை.

"விளக்கு எரியிற எடத்துல அபசகுனமாப் பேசாதீங்கண்ணே. நமக்கெல்லாம் அப்படி வராது."

அப்போது உங்கள் முகத்தைப் பார்த்தேன். கடை போனதில் வந்த முகம் இல்லை அது. கடை போனது உங்களுக்கு ஒரு மாதமாகவே தெரியும். அத்தனை வருஷம் நீங்கள் சொன்ன ஒன்றைக்கூட அவர்கள் யாரும் காதில் வாங்கவில்லை என்பது அந்த நிமிஷம் தெரிந்தது. தலையை ஆட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். துணி கிழியும்வரை நின்று ஆட்டியிருக்கிறார்கள்.

நான்தான் இறங்கி வந்து சொன்னேன். "இது சாமிக்கு ஏத்தின விளக்கில்ல. கடை திவாலாயிடுச்சு. இருக்கிற சரக்கு எல்லாம் சரக்குக் கொடுத்தவங்களுக்கு. அவங்களுக்குச் சொல்லத்தான் ஏத்தியிருக்காங்க." தெருவில் ஒரு பெண்பிள்ளை அப்படிச் சத்தமாகப் பேசினது அதுதான் முதல் தடவை என்று பிற்பாடு அண்ணன் சொன்னார். சிரிப்பு நின்றது. வெற்றிலைக்கடை அண்ணன் தன் தட்டைப் பார்த்தார், உடைந்த தேங்காயைப் பார்த்தார். அவர் முகம் சிவந்துபோயிற்று. பூக்கார அக்கா மட்டும், "எனக்குத் தெரியாதும்மா, எனக்குத் தெரியாதே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாலையைக் கழற்ற யாருக்கும் கை வரவில்லை. உங்களுக்கும் வரவில்லை.

பட்ட காலிலேதானே படும். சரியாக அந்த நேரம் பார்த்து, நமக்குச் சரக்குக் கொடுத்த மொத்தக் கடைக்காரரின் ஆள் வந்து சேர்ந்தார். கூட்டம், தேங்காய், கழுத்தில் மாலை. "குடுக்கவேண்டியதக் குடுக்காம இங்க விழாவா நடக்குது?" என்று அவர் கேட்டதை அன்று சாயங்காலத்துக்குள் ஊரே திருப்பிச் சொன்னது.

சேட்டு வந்தார். விளக்கைப் பார்த்தார், திருப்பிப் போட்ட பாயைப் பார்த்தார். தலையில் இருந்த தொப்பியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பாயில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். எண்ணெய் தீரும்வரை எழுந்திருக்கவில்லை. தெருவில் படித்தவர்கள், பெரிய மனிதர்கள் எல்லோரும் இருந்தார்கள். புரிந்துகொண்டவர் அந்த ஒரு கிழவர்தான்.

சரக்கை எடுக்க வந்தபோது அந்த ஆளுக்கே கொஞ்சம் மனசு இளகியிருந்தது. "விளக்கு வீட்டம்மாவோடதுன்னா மேல கொண்டுபோயிடுங்க" என்றார். நான் கையை நீட்டினேன். நீங்கள்தான் வேண்டாம் என்றீர்கள். "வெளிச்சம் போட்டுக் காட்டிட்டு இத மட்டும் ஒளிச்சு வச்சா என்ன அர்த்தம்?" விளக்கும் மூட்டைகளோடு போயிற்று. அதற்கு நான் உங்களோடு எத்தனை நாள் பேசாமல் இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கோபத்துக்கு உள்ளேயே ஒரு கர்வமும் இருந்தது. அதை மட்டும் உங்களிடம் காட்டிக்கொள்ளவில்லை.

கடை போனால் போகட்டும், கெட்டாலும் செட்டி கிழிந்தாலும் பட்டு என்று நினைத்தேன். நேர்மையாக விழுந்தவருக்கு ஊரில் ஒரு மரியாதை இருக்கும் என்று நினைத்தேன். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வெற்றிலைக்கடை அண்ணனுக்குத் தான் ஏமாந்தது பொறுக்கவில்லை. அவர் நல்ல மனிதர்தான். ஆனால் தெருவே பார்க்கத் தேங்காய் உடைத்துவிட்டாரே. அவர் கடையிலிருந்து கிளம்பின கதை வேறு விதமாக இருந்தது. திவாலான அன்றைக்கு மாலையும் சந்தனமுமாக உட்கார்ந்து, கடன் கொடுத்தவனுக்கே வேடிக்கை காட்டினாராம் என்று சொன்னார்கள். ஓடிப்போனவர்களை ஊர் ஆறு மாதத்தில் மறந்துவிட்டது. ஓடாத உங்களுக்குப் பட்டப்பெயர் வைத்தது, மாலைக்காரர் என்று.

அதற்குப் பிறகு ஆயர் ஈத்தாம் பசாரில் வேறொருவர் கடையில் துணி அளந்தீர்கள். காலையில் டிராம் ஏறிப் போய் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்புவீர்கள். ஒரு நாள் நான் அங்கே வந்தபோது என் காதாலேயே கேட்டேன். யாரோ ஒரு ஆள், கெட்ட எண்ணம்கூட இல்லாமல், "மாலைக்காரரே, வேட்டித்துணி நாலு முழம் வெட்டுங்க" என்றான். நீங்கள் வெட்டிக் கொடுத்தீர்கள். அளவு கொஞ்சம் தாராளமாகவே வெட்டினீர்கள்.

அதைவிட எனக்குப் பொறுக்காதது வேறொன்று. நீங்கள் சொற்களை விட்டுவிட்டீர்கள். கடையிலும் பேசவில்லை, வீட்டிலும் பேசவில்லை. சோறு ஆறாமல் சூடாகவே உள்ளே போயிற்று. அந்தச் சூட்டுச் சோறு எனக்கு இறங்கவில்லை. நானாகக் கிளறிப் பார்ப்பேன்.

"என்னங்க, மேசைன்னு சொல்றோமே, அது நம்ம சொல்லா?"

"தெரியல புள்ள."

உங்களுக்குத் தெரியும். முன்னாலேயே ஒரு தரம் எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள், அதுவும் பறங்கிக்காரன் கொண்டுவந்ததுதான் என்று. தெரிந்துகொண்டே கேட்டேன், தெரிந்துகொண்டே தெரியவில்லை என்றீர்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேனே. மாடிப்படியில் நின்று ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேனே. கேலி செய்தேன், உண்மைதான். கேட்காமல் கேலி செய்ய முடியுமா? தெருவில் யாரும் கேட்கவில்லை என்று தெரிந்ததும், மேலே ஒருத்தி கேட்டது உங்களுக்கு மறந்துபோயிற்று. அதற்குத்தான் இன்றைக்கும் நான் அழுகிறேன்.

இருமல் வந்தது. மழையில் டிராமுக்கு நின்றதால் என்று நான் சொன்னேன், வயசு என்று நீங்கள் சொன்னீர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசி வாரத்தில் ஒரு நாள் என்னைக் கிட்டே கூப்பிட்டீர்கள்.

"அன்னைக்கு அந்த மாலையைக் கழட்டியிருக்கணும்."

"அது யாரு தப்பும் இல்லங்க."

"தப்பு இல்ல. ஆனா பூக்காரி ஆசையாப் போட்டுச்சு. கழட்டினா அது மனசு நோகுமேன்னு இருந்துட்டேன்."

அத்தனை வருஷம் அதைச் சுமந்திருக்கிறீர்கள். கடை மூழ்குகிற நேரத்தில் பூக்காரியின் மனசு நோகக்கூடாது என்று பார்த்த மனிதரைத்தான் ஊர் வெட்கங்கெட்டவர் என்றது. அதற்கடுத்த நாள் உங்களுக்குப் பேச்சு நின்றது.

நீங்கள் போனதைப் பதிவு செய்ய அண்ணனும் நானும் ஆபீசுக்குப் போனோம். அங்கே பதிவு எழுத ஒரு கிராணி, தமிழ்ப் பையன், கண்ணாடி போட்டவன். பேனாவை மையில் தொட்டுக்கொண்டு, "இறந்தவர் பேரு?" என்றான்.

அண்ணன் வாயைத் திறந்தார். அதுதான் முறை. நம் பெண்கள் புருஷன் பேரைச் சொல்லமாட்டார்கள். கூட வந்த ஆண்பிள்ளை சொல்வார். யாரும் இல்லையென்றால் அதே பேருள்ள சாமியைக் காட்டிச் சுற்றி வளைத்துச் சொல்வார்கள். நானும் கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் இருந்தேன். அன்று அண்ணன் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"நான் சொல்றேண்ணே."

சொன்னேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. கிராணிப் பையன் எழுதப் போனவன் நிமிர்ந்தான்.

"கடைத்தெரு ஜவுளிக்கடைக்காரரா? திவாலானப்போ மாலை போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாராமே, அவரா?" அவன் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. பையனைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவன் காதில் விழுந்தது அப்படி.

"தம்பி, கொஞ்சம் பேனாவைக் கீழ வைப்பா," என்றேன்.

சொன்னேன். வரிசையில் பின்னால் ஆட்கள் நின்றார்கள், நான் பார்க்கவில்லை. தீவா என்றால் விளக்கு என்று ஆரம்பித்தேன். திருப்பிப் போட்ட பாயைச் சொன்னேன். ஓடினவர்கள் யார், ஓடாதவர் யார் என்று சொன்னேன். அந்த மாலை எப்படி விழுந்தது, ஏன் கழற்றவில்லை என்று சொன்னேன். நீங்கள் துணி கிழித்துக்கொண்டே சொல்வீர்களே, அதே மாதிரி, ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்தது. நடுவில் அந்தப் பையன் தலையை ஆட்டினான். நான் நிறுத்திவிட்டேன்.

"தலைய ஆட்டாத தம்பி. வெளங்குச்சான்னு சொல்லு."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "வெளங்குச்சும்மா. எங்க வீட்டுல தப்பாச் சொல்லியிருக்காங்க. நான் போய்ச் சொல்றேன்." பேனாவை எடுத்தான். "பேரை இன்னொரு வாட்டி சொல்லுங்கம்மா. பிழையில்லாம எழுதணும்."

இரண்டாம் முறை நிதானமாக, எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவன் எழுதினான். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இத்தனை வருஷம் "என்னங்க" என்றால் போதும், எந்த வேலையில் இருந்தாலும் திரும்பிப் பார்ப்பீர்கள். பேரைச் சொல்லிக் கூப்பிட்ட அன்று திரும்பிப் பார்க்க நீங்கள் இல்லை. ஆனாலும் சொல்வதை நான் விடவில்லை. ஜெலுத்தோங்கில் யாராவது என் வீட்டுக்காரர் யார் என்று கேட்டால் சுற்றி வளைப்பதில்லை. பேரைச் சொல்கிறேன், கடை திவாலான கதையையும் கடைசிவரை சொல்கிறேன். பெண்கள் வாயில் கைவைத்துக்கொள்கிறார்கள், புருஷன் பேரைச் சொல்கிறாளே என்று. யாரும் இல்லாத வேளையில் எனக்காகவும் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். கூப்பிட நல்ல பேர்.